சிறியதிலும் பெரியதிலும் ஒரே கோலம்



எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருளினால் எமது ஆலய ஆண்டு மலர் இவ்வருடமும் வெளிவருகின்றது. வழமைபோல விரத மகிமை பற்றி எழுதாது புதிதாக ஒன்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவிலுள்ள இளைஞர்கள் என்னைக் கேட்டுக்கொண்டனர். அவர்களுட் சிலர் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பவர்கள். ஆகவே கணிதத்திலே தொடங்கிக் கோயிலுக்கு வரலாம் என எண்ணினேன். கணிதம் என்றதும் தாய்மார் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்கள் அடிக்கடி கையில் எடுக்கும் முருங்கையிலைதான் எனது முதற் பாடம்.

வறைக்கு இலை ஆயும்போது ஒரு முழு இலையை உருவிவிடாமல் சுளகில் விரித்துப் பாருங்கள். நடுவே ஒரு நீண்ட காம்பு. அதன் இருபுறமும் சிறு காம்புகள். அச்சிறு காம்புகளில் ஒன்றைத் தனியே கிள்ளி எடுத்தால் அது முழு இலையின் பிரதி போலவே தோன்றும். நடுவே காம்பு, இருபுறமும் அதனினும் சிறிய காம்புகள். அவற்றில் ஒன்றைக் கிள்ளினாலும் பெரும்பாலும் அதே அமைப்பு. அதன் பின்னரே நாம் உண்ணும் சிற்றிலை வருகின்றது. பெரியதில் எந்த ஒழுங்கோ சிறியதிலும் அந்த ஒழுங்கு. முருங்கை எத்தனையோ தலைமுறையாக எமது வேலியோரத்தில் நிற்கின்றது. நாம் காயை எண்ணினோமேயன்றி இலையை நின்று பார்த்ததில்லை.

இப்படித் தன் பகுதியிலே தன் முழு வடிவத்தையும் காட்டும் உருவங்களுக்கு ஆங்கிலத்தில் பிராக்டல் என்று பெயர். உடைந்தது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து 1975ஆம் ஆண்டில் அப்பெயரை ஆக்கியவர் பெனுவா மண்டல்புரோ என்னும் கணித அறிஞர். போலந்து நாட்டின் வோர்சோ நகரில் 1924இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1936இல் பிரான்சுக்கு இடம்பெயர்ந்து, பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 2010இல் மறைந்தவர். இக்கட்டுரையில் நான் அவ்வுருவங்களைத் தன்னொப்பு உருவங்கள் என்று சொல்லிக்கொள்கின்றேன். பாடசாலையில் நாம் படித்த கேத்திர கணிதம் நேர்கோட்டையும் வட்டத்தையும் கூம்பையும் பற்றியது. கிணற்றுக் கட்டுக்கும் வயல் வரம்புக்கும் அது போதும். ஆலமரத்தை அளக்கவோ கடற்கரையை அளக்கவோ அது போதாது என்பதையே அவர் எடுத்துக் காட்டினார்.

கடற்கரை என்றேன். எமது நாட்டின் கரையோரம் எவ்வளவு நீளம்? ஒரு நூலில் 1,340 கி.மீ. என்றிருக்கும். இன்னொன்றில் 1,585 என்றும், வேறொன்றில் 1,620 என்றும் இருக்கும். அச்சுப்பிழையோ என நினைக்கத் தோன்றும். அச்சுப்பிழை அன்று. வள்ளத்தில் கரையைச் சுற்றி வருபவருக்கு ஒரு நீளம். ஒவ்வொரு குடாவுக்குள்ளும் இறங்கி நடப்பவருக்கு அதனிலும் கூடிய நீளம். ஒவ்வொரு கல்லையும் சுற்றி ஊரும் நண்டுக்கு இன்னும் கூடிய நீளம். பெரிய குடாவுக்குள் சிறிய குடா, அதற்குள் அதனினும் சிறிய வளைவு. அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் பெருகும். எமது கடனீரேரிக் கரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இவ்விடயத்தை முதலிற் கண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் அப்பாற் செல்ல எனக்கு மனம் வரவில்லை. லூயிஸ் ரிச்சட்சன் என்னும் ஆங்கிலேயர் 1881இற் பிறந்தவர். யுத்தத்தைப் பாவமெனக் கொள்ளும் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சேர்ந்தவர். முதலாம் உலக யுத்தத்தில் துப்பாக்கி ஏந்த மறுத்துப் பிரான்சில் காயப்பட்டோரை ஏற்றும் அம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். நாடுகள் ஏன் சண்டையிடுகின்றன என்பதைக் கணக்கிட்டு அறிய முற்பட்ட அவர், இரு நாடுகளுக்கிடையே பொது எல்லை நீளமாயிருந்தால் யுத்தம் கூடுமோ என ஆராய்ந்தார். அதற்காக எல்லைகளின் நீளங்களைத் தேடியபோது ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையிலான ஒரே எல்லை ஓரிடத்தில் 987 கி.மீ. என்றும் மற்றோரிடத்தில் 1,214 கி.மீ. என்றும் குறிக்கப்பட்டிருந்தது. 227 கி.மீ. வித்தியாசம்! அளந்த கோல் வேறு என்பதே காரணம். அவர் 1953இற் காலமானார். அவருடைய இந்த ஆய்வு 1961இலேயே அச்சேறியது. அதைக் கண்டெடுத்து, பிரித்தானியாவின் கரையோரம் எவ்வளவு நீளம் என்ற கேள்வியுடன் 1967இற் கட்டுரை எழுதியவரே மண்டல்புரோ.

கச்சேரியில் காணிப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் எல்லைத் தகராற்று மனுக்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்தன. அரை முழ வேலிக்காகப் பேசாமல் விட்ட சகோதரர்களை நான் அறிவேன். இருவருடைய அளவும் அவரவர் கோலுக்குச் சரியாகவே இருக்கலாம் என்று ரிச்சட்சன் பெருமகன் அவர்களுக்கு வந்து சொல்லவில்லை. 2009 வரை பெரிய யுத்தத்துக்குள் வாழ்ந்த எமக்கு, யுத்தத்தின் காரணத்தைத் தேடிப் புறப்பட்ட ஒரு சாதுவான மனிதரின் கையில் இயற்கையின் இரகசியம் ஒன்று அகப்பட்டது என்பது திருவருளின் விளையாட்டாகவே தோன்றுகின்றது.

பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு. சுவீடன் நாட்டவரான கொக் என்பவர் 1904இற் காட்டிய வழியைச் சார்ந்தது இது. பக்கம் ஒவ்வொன்றும் 1 மீற்றர் நீளமான சமபக்க முக்கோணம் ஒன்றைத் தரையில் வரையுங்கள். சுற்றளவு 3 மீற்றர். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கின்மேல் வெளிநோக்கி ஒரு சிறு முக்கோணம் எழுப்பி, அதன் அடிக்கோட்டை அழித்துவிடுங்கள். இப்போது ஆறுமுனை நட்சத்திரம் வரும். முருகப் பெருமானின் சட்கோண வடிவம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சுற்றளவு 4 மீற்றர். புதிதாக வந்த ஒவ்வொரு பக்கத்திலும் இதையே திரும்பச் செய்யுங்கள். பத்து முறை செய்தால் சுற்றளவு 53 மீற்றரைத் தாண்டும். நூறு முறை செய்ததாக மனத்தினால் எண்ணினால், பூமியிலிருந்து சூரியனுக்குள்ள தூரத்தைப்போல் 60 மடங்குக்கு மேலாகும். ஆனால் உருவமோ முதல் முக்கோணத்தைச் சுற்றி வரைந்த வட்டத்தை விட்டு வெளியே போகாது. ஒரு பாயளவு இடம் போதும். அதன் பரப்பும் முதல் முக்கோணத்தின் 1.6 மடங்கைத் தாண்டாது. எல்லையற்ற கோடு ஒன்று சிற்றிடத்தில் அடங்கிக் கிடக்கின்றது. அதை ஆக்கிய விதியோ ஒரே ஒரு வரி: மூன்றாகப் பிரி, நடுவில் எழுப்பு, திரும்பச் செய்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. இதை வாசிக்கும் ஒவ்வொருவரின் நெஞ்சுக்குள்ளும் இதே வேலை நடந்திருக்கின்றது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகின்றது; ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாக; இவ்வாறு ஏறத்தாழ 23 முறை. இரண்டை 23 முறை பெருக்கினால் 83 இலட்சத்துக்கு மேல் வரும். அக்கிளைகளின் முடிவில் 30 கோடி முதல் 50 கோடி வரையான காற்றுச் சிற்றறைகள் உள்ளன. அவற்றை விரித்து வைத்தால் 70 சதுர மீற்றர் அளவு பரப்பு வரும் என மதிப்பிடுவர். ஒரு சிறு வீட்டின் தரையளவைப் பெருமான் எமது விலா எலும்புக்குள் மடித்து வைத்திருக்கின்றார். புகைத்தலினால் இச்சிற்றறைகளின் சுவர் சிதைந்தால் அது திரும்ப வளர்வதில்லை. திருவிழாக் காலத்தில் தேர்முட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் சில பெரியவர்கள் இந்த வரியை இருமுறை வாசிப்பார்களாக.

இனிக் கோயிலுக்கு வருவோம்.

விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகின்றோம். அதன் தளங்களின் விளிம்பில் வரிசையாக இருப்பவை என்னவென்று கவனித்ததுண்டா? அவை வெறும் அலங்காரம் அல்ல. சிறு சிறு கோயில்கள். சதுரமாயிருப்பதைக் கூடம் என்றும், நீண்டு வண்டிக்கூடு போன்ற கூரையுடையதைச் சாலை என்றும், இவற்றுக்கிடையே ஒடுங்கி நிற்பதைப் பஞ்சரம் என்றும் சிற்ப நூலார் கூறுவர். கோயிலின் மேலே கோயில்கள். அடுத்த தளத்தில் மேலும் சிறிய அளவில் அவையே. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் விமானம் 13 தளமாக இவ்வாறே எழுகின்றது. வட இந்தியாவில் கஜுராஹோவில் 11ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட கந்தாரிய மகாதேவர் ஆலயத்திலே பெரிய சிகரத்தைச் சுற்றி அதே வடிவில் 84 சிறு சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. மலைமேல் மலை ஏறியது போல இருக்கும்.

கோலமும் அவ்வாறே. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர், பெண்கள் வாசலில் இடும் புள்ளிக்கோலங்களைக் கணித இலக்கணமாக ஆராய்ந்து 1974இல் வெளியிட்டனர். கண்ணனின் கொலுசு என்னும் கோலத்தில் ஒரு சிறு வளைவை அதே விதிப்படி திரும்பத் திரும்ப மாற்றினால் கோலம் பெருத்துக்கொண்டே போகும். கோடு மட்டும் அறுவதில்லை. கணனியில் செடிகொடிகளை வளர்த்துக் காட்டும் முறையும் இக்கோலத்தைப் போடும் முறையும் ஒன்றே என்று பின்னர் கண்டனர். மார்கழி விடியலில் எமது ஆலய முன்றிலில் கோலமிடும் பிள்ளைகள் இதை அறிந்து இடுவதில்லை. கை அறிந்து இடுகின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இப்படிப் பேசத் தொடங்கினால் சிலர் உடனே, எங்கள் முன்னோர் பிராக்டல் கணிதத்தை அன்றே கண்டுபிடித்துவிட்டனர் என்று மேடையில் முழங்குவர். அது உண்மையன்று. ஸ்தபதிமார் கண்டது ஒரு கட்டட முறை. மண்டல்புரோ கண்டது ஒரு கணித முறை. இரண்டும் ஒரே உண்மையை இரு வாசல்களிலிருந்து பார்த்தன என்று சொன்னால் போதும். இல்லாத பெருமையை ஏற்றிச் சொன்னால் உள்ள பெருமையையும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

உள்ள பெருமை ஒன்றைச் சொல்கின்றேன். இது எனக்கு எல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவது. நடராசப் பெருமானுக்கு வருடத்தில் ஆறு அபிஷேகம். மார்கழித் திருவாதிரை, மாசிச் சதுர்த்தசி, சித்திரைத் திருவோணம், ஆனி உத்தரம், ஆவணிச் சதுர்த்தசி, புரட்டாதிச் சதுர்த்தசி. ஏன் ஆறு? மனிதருக்கு ஒரு வருடம் தேவர்களுக்கு ஒரு நாள். தை தொடங்கி ஆனி வரை அவர்களுக்குப் பகல். ஆடி தொடங்கி மார்கழி வரை இரவு. அப்படியானால் மார்கழி அவர்களுக்கு வைகறை; மாசி காலை; சித்திரை உச்சி; ஆனி மாலை; ஆவணி இரவு; புரட்டாதி அர்த்தசாமம். பெரிய தலங்களில் நாள்தோறும் நடக்கும் ஆறுகாலப் பூசையே வருடமளவாக விரிந்து ஆறு அபிஷேகமாகின்றது. நாளுக்குள் வருடம், வருடத்துக்குள் நாள். இன்னும் மேலே போனால் பிரமதேவரின் ஒரு பகல் 1,000 சதுர்யுகம், அதாவது 432 கோடி வருடம். முருங்கையிலை இடத்திற் காட்டியதை எமது பூசைமுறை காலத்திற் காட்டுகின்றது.

இதுவரை கேட்ட அன்பர் ஒருவர், சிறியதும் பெரியதும் ஒரே வடிவாயின் நானும் கடவுளும் ஒன்றுதானே என்று கேட்கக்கூடும். இதற்கு எமது சித்தாந்தம் அவசரப்பட்டுத் தலையாட்டாது. முதலாவது, கணிதத்திலே தன்னொப்பு முடிவின்றிச் செல்லும். இயற்கையிலோ அது நின்றுவிடுகின்றது. முருங்கை மூன்றாம் பிரிவில் நிற்கின்றது. மூச்சுக்குழல் 23இல் நிற்கின்றது. கரையோரம் மணற்பருக்கையில் நிற்கின்றது. மாயையிலிருந்து தோன்றிய எதற்கும் ஓர் எல்லை உண்டு என்ற சித்தாந்தக் கொள்கைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அண்டங்கள் அத்தனையும் வீட்டுக்குள் விழும் வெயிற் கதிரில் மிதக்கும் தூசுகள் போல இறைவன்முன் சிறுத்துவிடுவதாக மாணிக்கவாசக சுவாமிகள் திருவண்டப்பகுதியில் அருளியிருப்பதும் இதையே.

இரண்டாவது, ஒத்திருத்தல் வேறு, ஒன்றாயிருத்தல் வேறு. கிள்ளிய சிறு காம்பு முழு இலையைப்போலத்தான் இருக்கின்றது. ஆனால் கிள்ளியதும் வாடத் தொடங்குகின்றது. பொருந்தியிருக்கும் வரைதான் அதற்குப் பசுமை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அத்துவிதம் என்பதற்கு ஒன்று என்று பொருள் கொள்ளாது, இரண்டாகப் பிரிந்து நில்லாமை என்று பொருள் கொண்டார். உவமை முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். உயிர் இறைவனின் துண்டு அன்று. பதியைப் போலப் பசுவும் அனாதி. ஆயினும் பிரிந்து வாழ இயலாமை என்ற அளவில் அந்தக் காம்பு நல்ல ஆசிரியர்.

இனி எமது ஆலய விடயம் ஒன்று. அதற்காகவே இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

ஐந்து தள இராஜகோபுரம் ஒன்று எமது பிள்ளையாருக்கு எழ வேண்டும் என்று வெளிநாடுகளில் வாழும் எம்மூர்ப் பிள்ளைகள் ஆவலோடு எழுதுகின்றனர். பணமும் அனுப்புவதாகச் சொல்கின்றனர். கோபுரம் தூலலிங்கம்; தூரத்தில் நின்றே தரிசிக்கத்தக்கது. அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் தர்மகர்த்தா சபையில் நித்திய பூசை உபயக் கொப்பி என் பொறுப்பில் இருக்கின்றது. முப்பது வருடத்துக்கு மேல் கொப்பி எழுதிய பழக்கத்தில் அதை ஒழுங்காகவே வைத்திருக்கின்றேன். தேர்த் திருவிழா உபயத்துக்கு இரு குடும்பங்கள் முரண்படுகின்றன. கார்த்திகைக்கும் சதுர்த்திக்கும் ஆள் உண்டு. ஒரு சாதாரண புதன்கிழமை உச்சிக்காலப் பூசைக்கு எதிரே கொப்பியில் வெற்றிடம். அன்றும் குருக்கள் ஐயா வருகின்றார், மணி அடிக்கின்றது, ஒரு பிடி அரிசி நைவேத்தியமாகின்றது. கும்பிட நிற்பவர் சில நாள்களில் ஒருவருமில்லை.

நித்திய பூசையில் நேரும் குறைகளை நிவர்த்தி செய்யவே நைமித்திகம் என்று ஆகமம் அறிந்த பெரியோர் கூறுவர். திருவிழா நித்தியத்துக்கு மாற்றீடு அன்று. கணிதம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கொக் என்பவரின் முக்கோணத்தில் முதல் அடியில் நடுப்பங்கைச் சற்றுக் கோணலாக எழுப்பினால் அக்கோணல் அங்கேயே நிற்காது. அடுத்த அடியில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறும். நூறாம் அடியில் உருவம் முழுவதும் அதுவேயாகிவிடும். பெரிய உருவத்துக்கென்று தனியான விதி இல்லை. சிறியதில் உள்ள விதிதான் பெரியதில் ஏறுகின்றது. கோபுரத்தின் ஒவ்வொரு தளத்திலும் ஸ்தபதியார் செய்து வைக்கப் போவது சிறு கோயில்களைத்தான். கீழே உள்ள கோயிலில் விளக்கு மங்கினால் மேலே எத்தனை சிறு கோயில் ஏற்றினாலும் அவை எதன் பிரதி?

ஆகவே சபைக் கூட்டத்தில் நான் முன்வைத்த யோசனை இதுதான். கோபுர நிதிக்கு வரும் ஒவ்வொரு அன்பளிப்போடும் அன்பளிப்புச் செய்பவரின் பெயரில் நித்திய பூசை நாள் ஒன்றும் பதியப்பட வேண்டும். வருடம் முழுவதும் நிரம்பிய பின்னர் ஸ்தபதியாரிடம் போவோம். சிலர் இதனால் கோபுரம் தாமதமாகும் என்றனர். தாமதமாகலாம். பேரப்பிள்ளைகள் காலத்தில் எழுந்தாலும் அது எங்கள் கோபுரமே. இன்னும் முடிவாகவில்லை, வரும் பொதுக்கூட்டத்தில் மீண்டும் எடுக்கப்படும். அடியார்கள் தவறாது சமுகமளித்துத் தத்தம் கருத்தைச் சொல்ல வேண்டுகின்றேன்.

வெற்றிடமாயுள்ள நாள்களின் பட்டியல் மடைப்பள்ளிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. வெளிநாட்டில் உள்ளவர்கள் காரியதரிசிக்கு எழுதினால் அனுப்பி வைப்போம். பெற்றோரின் திதியாக இருக்கலாம், பிள்ளையின் பிறந்த நாளாக இருக்கலாம், ஒரு காரணமும் இல்லாத புதன்கிழமையாகவும் இருக்கலாம். ஊரில் உள்ளவர்கள் பணம் தரவேண்டும் என்பதுமில்லை. உச்சிக்கால மணி கேட்கும்போது ஒருவர் வந்து நின்றாலே பிள்ளையாருக்கும் குருக்கள் ஐயாவுக்கும் போதும்.